பதினெட்டு முழம்

கோடை வந்தால் நவாப் முசாபர் யார் கான் கோமதிக் கரை மாளிகையின் நிலவறைக்கு இறங்கிவிடுவார். அன்று நடுப்பகலில் நானும் இறங்கினேன். அவருக்குத் தலைப்பாகை கட்டுவது என் வேலை. கீழே ஒரே ஒரு விளக்கு. நனைத்த வெட்டிவேர்த் தட்டிகளின் மணம்.

"லத்தீப் மியான், அந்தப் பச்சையை எடு."

என் கை தயங்கியது. அது தாராப் கானுடைய தலைப்பாகை. நவாபும் அவரும் ஒருவர் தலைப்பாகையை மற்றவருக்கு அணிவித்து, அண்ணன் தம்பி ஆனவர்கள். வெள்ளைக்காரக் கும்பினிப் படை தாராப் கானின் கோட்டையைச் சூழ்ந்து ஒன்பது நாளாகிறது. அவர் எங்கள் குதிரைப்படைக்காகக் காத்திருந்தார்.

"படை கிளம்பிடுச்சா, ஹுசூர்?"

"ஒரு குதிரைகூடப் போகாது. காலையிலதான் வெள்ளைக்காரனோட ஒப்பந்தக் காகிதத்துல முத்திரை வச்சேன்." சிரித்தார். "மேல அண்ணனோட தூதன் உக்காந்திருக்கான். இது என் தலையில இருந்தா, நாளைக்குப் படை வரும்னு நம்பிப் போயிடுவான். என்ன முழிக்கிற? கட்டு."

கட்டினேன்.

பதினெட்டு முழத் துணி. பலமுறை அளந்திருக்கிறேன். கை பழக்கத்தில் கணக்கு வைத்திருந்தது. பதினெட்டும் முடிந்தன.

கையில் இன்னும் துணி இருந்தது.

சுற்றினேன். இன்னும் இருந்தது. வெட்டிவேர் மணம் எங்கோ போய்விட்டது. வெடிமருந்து நாறியது.

"இறுக்காதே, மியான்."

"நான் இறுக்கல, ஹுசூர்."

"இறுக்காதேன்னு சொல்றேன்ல!"

கையை எடுத்துவிட்டேன்.

துணி நிற்கவில்லை.

நெற்றி, கண்கள், வாய். முனையைப் பிடித்து இழுத்தேன். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள்.

முனை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

நவாப் திண்டில் சாய்ந்து கிடந்தார். மூச்சில்லை. தலைப்பாகை தலையில் மட்டும் அழகாக, மடிப்புக் கலையாமல் இருந்தது.

மேலே ஓடினேன். தூதன் முன்னால் புழுதி படிந்த ஒரு குதிரை வீரன் அழுதுகொண்டிருந்தான்.

"விடியக்காலையில கான் சாஹிப் போயிட்டார். 'தம்பி வருவான், கதவைத் திறந்து வைங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

பச்சைத் தலைப்பாகையை நவாபோடு புதைத்தோம்.

இப்போது அவர் மகனுக்குக் கட்டுகிறேன். நேற்று அவரும் கும்பினியின் காகிதத்தில் முத்திரை வைத்தார். இன்று காலை புது வெள்ளைத் துணி, அளந்து எடுத்த பதினெட்டு முழம். கட்டி முடித்தேன்.

கையில் மண் ஈரத்தோடு இன்னும் துணி இருந்தது. பச்சை.

"மியான்," என்றார் சின்ன நவாப், "ஏன் இப்படி இறுக்குறீங்க?"