இடப்பக்கம் சாய்ந்த வண்டி

கோட்டைப்பட்டினத்திலிருந்து அந்தப் பழைய பிக்அப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து, இலுப்பூருக்கு மேற்கே இருக்கும் தன் வீட்டுக் கொட்டகையில் உடையப்பன் நிறுத்தியபோது காலை பதினோரு மணி. ஊரில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாங்கியவர் கண்ணுக்கு மட்டும்தான் அது வண்டி. மற்றவர்களுக்கு அது உப்புக்காற்று தின்றுபோட்ட தகரம். "இதுல எதை ரிப்பேர் பண்ணுவீங்க, எதை வச்சுக்குவீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். உடையப்பன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பத்தொன்பது வருஷம் குவைத்தில் அடுத்தவன் வண்டி ஓட்டிய களைப்பு அவர் உடம்பில் இருந்தது. அந்தக் களைப்புக்குக் கேலியெல்லாம் உறைக்காது.

அவர் மனைவி சொர்ணவல்லி வாசலில் நின்று வண்டியை ஒரு சுற்று பார்த்தாள்.

"இது ஓடுமாங்க?"

"ஓட வச்சுருவேன்."

"தை பத்துக்குள்ளயா?"

"அதுக்குள்ள எஃப்.சி.யே வாங்கிருவேன், பாரு."

அந்தத் தேதியில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. தை பத்தாம் தேதி திருச்சியிலிருந்து குவைத்துக்கு அவர் பேரில் விமான டிக்கெட் போட்டிருந்தது. பழைய முதலாளியே கூப்பிட்டிருந்தார். அதற்குள் இந்த வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைத்துவிட்டால் இலுப்பூர் கடலை மண்டியில் தினசரி லோடு உண்டு. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் விமானம், மறுபடியும் மணல். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் சொர்ணவல்லி ஒற்றை ஆள். "செவத்துக்கிட்டப் பேசிப் பேசி அலுத்துப்போச்சுங்க. இன்னொரு தடவ நீங்க ஏறிப் போனா, இந்த வீட்ல தனியா இருக்க என்னால ஆகாது" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்கழி முழுக்க வேலை நடந்தது. துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து வேறு தகரம் வைத்தார். இன்ஜினைப் பிரித்து, கழுவி, மாட்டினார். முதுகு பிடித்துக்கொண்டால் கொட்டகைத் தூணில் சாய்ந்து கொஞ்சநேரம் கண்ணை மூடுவார், மறுபடியும் ஸ்பேனரை எடுப்பார். மீன் ஏற்றிய வண்டி, கேபினில் கவிச்சி நாறும் என்றுதான் நினைத்திருந்தார். அது நாறவில்லை. கதவைத் திறந்தால் நெஞ்சுவலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனையும், காயாத புடவையின் ஈர வாடையும் வந்தன. சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்தார். இரண்டு நாள் போயிருந்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

நாலு சக்கரத்தையும் மாட்டித் தரையில் நிறுத்திய அன்றுதான் அதைக் கவனித்தார். வண்டி நேராக நிற்கவில்லை. முன்பக்கம் இடப்புறம், அதாவது டிரைவருக்குப் பக்கத்து சீட் இருக்கிற புறம், நாலு விரக்கடை தாழ்ந்திருந்தது.

சாய்ந்த வண்டிக்கு எஃப்.சி. கொடுக்க மாட்டார்கள்.

இலுப்பூரில் பட்டறை வைத்திருக்கும் சார்லஸ் பழைய சிநேகிதர். வந்து குனிந்து பார்த்துவிட்டு, வண்டியின் பாரம் தாங்குகிற கமான் பட்டை செத்துப்போயிருக்கிறது என்றார். புதுப் பட்டை போட்டார்கள். சாய்வு போகவில்லை. புஷ் மாற்றினார்கள், யூ போல்ட் மாற்றினார்கள், சேசிஸ் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். நூல் நேராக நின்றது. கடைசியில் சார்லஸ் இடப்பக்கத்துப் பட்டையை வலப்பக்கமும், வலப்பக்கத்துப் பட்டையை இடப்பக்கமும் மாற்றிப் போட்டார். கோளாறு பட்டையில் இருந்தால் சாய்வும் பக்கம் மாற வேண்டும் அல்லவா?

மாறவில்லை. அதே இடம், அதே நாலு விரக்கடை.

"பட்டையில கொறை இல்லண்ணே" என்றார் சார்லஸ். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆள் ஏறி ஒக்காந்தா எப்படி அமுங்கும், அப்படி அமுங்கி நிக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சொர்ணவல்லி கொண்டுவந்த டீயைக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு போன் போட்டால் வேலை இருக்கிறது என்றார்.

சீட்டையும் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார் உடையப்பன். நல்ல கெட்டி மெத்தை, மேலே கறுப்பு ரெக்சின். யாரும் அதில் உட்காரவில்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது கதவோரத்து மெத்தை குழிந்திருந்தது. கையை வைத்து அந்தக் குழியைத் தடவினார். வெயிலில் நிற்கிற வண்டியில் ரெக்சின் சுடத்தான் வேண்டும்.

குழி மட்டும் சில்லென்று இருந்தது.

பொங்கல் முடிந்த மறுநாள், உச்சிப்பொழுது. தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. சொர்ணவல்லி கொல்லைப்புறம் துணி துவைக்கிறேன் என்று போயிருந்தாள். உடையப்பன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். மேலே தகரம் வெயிலுக்குச் சடசடவென்று சத்தம் போட்டது. அது எல்லா வண்டியும் போடுகிற சத்தம்தான். கண் சொருகியது அவருக்கு.

அப்போது சீட் முனகியது.

உட்கார்ந்த வாக்கிலேயே ஒருவர் இடுப்பை நகர்த்தி உட்கார்ந்தால் வருகிற முனகல். முகத்துக்கு ஒரு முழம் மேலே கமான் பட்டை மெதுவாக அமுங்கி, மெதுவாக எழும்பியது. பிறகு ஒரு மூச்சு. நெஞ்சு அடைத்தவர் கஷ்டப்பட்டு இழுக்கிற நீண்ட மூச்சு.

"சொர்ணம், ஆடாத. நான் அடியில கெடக்கேன்" என்றார்.

உடனே எல்லாம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டு நின்ற மாதிரி நின்றது.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"

சொர்ணவல்லியின் குரல் வீட்டுக்குப் பின்னால், கொல்லையிலிருந்து வந்தது.

உடையப்பன் மண்ணில் முதுகு தேய வெளியே வந்தார். கேபினில் யாரும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்தார், நன்றாகவே பயந்தார். ஆனால் தை பத்துக்கு இன்னும் எட்டே நாள்தான் இருந்தது. பயந்துகொண்டு உட்கார அவருக்கு நேரம் இல்லை. மனைவியிடம் எதுவும் சொல்லாமல் மறுபடியும் கிரீஸ் டப்பாவை எடுத்தார்.

எஃப்.சி.க்கு முதல் நாள், சக்கரத்தின் அலைன்மென்ட் பார்க்க வண்டியை இலுப்பூருக்கு எடுத்துப்போனார். சாமான் வாங்க வேண்டும் என்று சொர்ணவல்லியும் ஏறினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவள் கதவோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து கியர் ராடுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"ஏன் இங்கிட்டு வர்ற? கியர் போட முடியல."

"தெரியலங்க. அங்கிட்டு எடம் இல்லாத மாதிரி இருக்கு."

உடையப்பன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். அலைன்மென்ட் போட்டவனும் சாய்வைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். திரும்பி வருகிறபோது நடுப்பகல். பால் வாங்க வேண்டும் என்று சொர்ணவல்லி தெருமுக்குக் கடையில் இறங்கிக்கொண்டாள். அவர் வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டு, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். நாளைக்கு எஃப்.சி. கிடைக்காது. இனி மாற்றிப் போட வண்டியில் பாகம் பாக்கி இல்லை. குவைத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தபோது, ஒரு மாசத்து அலுப்பும் மொத்தமாக வந்து தோளில் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இடப்பக்கம் ஆள் இருக்கிற நினைப்பு. சொர்ணவல்லி முக்கிலேயே இறங்கிவிட்டது அந்த மயக்கத்தில் நினைவுக்கு வரவில்லை.

"வீடு வந்திருச்சு. எறங்கு" என்றார்.

கதவு திறந்தது.

சீட் முனகியது. வண்டி ஒருமுறை லேசாக ஆடி, இடப்பக்கம் மேலே எழும்பியது.

கண்ணைத் திறந்தார். கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. அந்தத் திறப்பு வழியாகத் தெருவில் வெகு தூரத்தில், பால் பாக்கெட்டும் பையுமாக சொர்ணவல்லி வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

இறங்கி வந்து முன்பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். இடமும் வலமும் சரிசமம். வண்டி தட்டில் நிறுத்திய சொம்பு மாதிரி நேராக நின்றது. கேபினில் தைல வாசனையும் இல்லை. ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் பட்டை செட்டாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒரு மாசத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் வண்டிக்கு எஃப்.சி. கிடைத்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் நின்று, வண்டியை விற்ற கமாலுதீனுக்குப் போன் போட்டார். பெருமையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"எஃப்.சி. ஆயிருச்சு பாய். வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நின்னு உசுரை வாங்கிருச்சு. நேத்துதான் நிமுந்துச்சு."

கமாலுதீன் அவசரமாகக் கேட்டார்.

"எப்படிண்ணே நிமுந்துச்சு?"

"தானாத்தான். கொட்டாயில கொண்டாந்து விட்டேன். பொண்டாட்டி பக்கத்துல இருக்கான்னு நெனச்சு, வீடு வந்திருச்சு எறங்குன்னேன். அவ முன்னாடியே எறங்கிட்டா போல. அப்பவே நிமுந்துக்கிச்சு."

"எறங்குன்னு சொன்னீங்களா?" கமாலுதீனின் குரல் தணிந்தது. "வீடு வந்திருச்சுன்னும் சொன்னீங்களா?"

"ஏன் பாய்?"

கமாலுதீன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மூணு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், பொன்னமராவதி பக்கம் மீன் இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஒருவர் வண்டியை மறித்திருக்கிறார். மனைவிக்கு நெஞ்சுவலி. முன் சீட்டில் கதவோரம் உட்கார வைத்து, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

"மழைண்ணே. பின்னாடி பூராம் ஐஸ் தண்ணி. அதனால கால் கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, முன் சீட்டுலயே ஒக்கார வச்சுத்தான் திருப்பிக் கொண்டாந்தோம். அவங்க இருந்தது வாடகை வீடு. பொணத்தை உள்ள எறக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரரு வாசல்லயே மறிச்சுட்டாரு. அப்படியே சுடுகாட்டுக்குப் போயிருச்சு வண்டி. கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் புருசன் என்னைத் தேடி வந்து அழுதாருண்ணே. வாசலுக்கு வந்ததும், வீடு வந்திருச்சு எறங்குன்னு சொல்லணுமாம். அது ஒங்க ஆளுங்க வழக்கமாம். அந்தக் கலாட்டாவுல யாருமே சொல்லலையாம். எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. அன்னியிலேர்ந்து வண்டி சாஞ்சேதான் நின்னுச்சு."

உடையப்பனுக்கும் அந்த வழக்கம் தெரியும். சொந்த அப்பாவின் உடலைக் கொண்டுவந்தபோது அவரே சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தார் என்பது அவருக்கே தெரியாது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்தக் காலி சீட்தான் இப்போது பயமாக இருந்தது.

சொர்ணவல்லி கூடத்தில் குத்துக்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் கறுத்திருந்தது.

"கெடச்சிருச்சாங்க?"

"கெடச்சிருச்சு."

"அப்பாடா" என்றாள். முகம் லேசாக மலர்ந்தது. அடுத்த நொடியே பழைய சலிப்பு. "ஆயில் காலோட உள்ள வந்து வச்சிருக்கீங்க. நேத்துலேர்ந்து தொடைக்கிறேன், போக மாட்டேங்குது. அது என்னங்க, ரெண்டு காலையும் ஒட்டி ஒட்டி வச்சு நடக்குறீங்க? முட்டி வலியா?"

உடையப்பன் தரையைப் பார்த்தார்.

கொட்டகை ஆயிலின் கறுப்பில், வாசலிலிருந்து பாதங்கள் வந்திருந்தன. சிறிய, மெலிந்த பாதங்கள். ஒன்று முன்னால் ஒன்று பின்னால் இல்லை. இரண்டும் இணைந்து, கட்டைவிரலோடு கட்டைவிரல் ஒட்டி, அரை சாண் அரை சாணாக நகர்ந்து கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் போயிருந்தன.

திரும்பி வந்த தடம் இல்லை.

அவளிடம் என்ன சொல்வது? நாளை விடியற்காலை முதல் லோடு. தினமும் விடிந்தால் போய் இருட்டித்தான் திரும்புவார். பகல் முழுக்க அவள் இங்கே இருப்பாள். அவர் வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப்போய், இடப்பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைத்தார். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"வாங்க தாயி" என்றார், காற்றுக் குரலில். "தெரியாம சொல்லிட்டேன். ஏறுங்க. ஒங்க ஊருக்கே கொண்டுபோய் விட்டுர்றேன்."

இடப்பக்கத்துச் சக்கரத்தையே பார்த்தபடி நின்றார். ஒரு மாசமாக எந்தச் சாய்வைப் போக்க முதுகு ஒடிய உழைத்தாரோ, அந்தச் சாய்வு வந்துவிடாதா என்று நின்றார். வெயில் தகரத்தில் சடசடத்தது. சீட் முனகவில்லை. வண்டி அசையாமல் நேராக நின்றது.

"ஏறுங்க தாயி."

அடுப்படி ஜன்னலில் சொர்ணவல்லி வந்து நின்றாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை வருஷக் களைப்பும் வடிந்து, ஒரு சாந்தம் இருந்தது.

"அவங்க வரலையாம்ங்க" என்றாள். "நீங்க லோடுக்குப் போயிட்டு வாங்க. நாங்க இருக்கோம்."