தாழிமேட்டில் வந்த வேளரசர்

மாசி மாதத்து முழுமதி தாழிமேட்டின் மீது எழுந்தபோது, மேற்கு வானில் அந்தியின் செம்மை இன்னும் முற்றிலும் அழிந்திருக்கவில்லை. கருவாற்றிலிருந்து கிளம்பிய வெண்பனி, ஆந்தைக்கல் கோட்டையின் மதில்களைச் சுற்றி வளைந்து, அகழியைக் கடந்து, கிழக்கே பரந்து கிடந்த அந்த மேட்டின்மீது பாம்பு ஊர்வது போல ஊர்ந்து கொண்டிருந்தது. அங்கேதான் குவளைநாட்டு மன்னன் எரியங்கனின் படை பாசறை அமைத்திருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே! பாசறை அமைப்பதற்கு அதைவிடப் பொல்லாத இடத்தை எந்தப் படைத்தலைவனும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். எண்ணற்ற தலைமுறைகளாக அந்நாட்டார் தங்கள் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த நிலம் அது. கூடாரக் கழி நடத் தோண்டிய இடமெல்லாம் மண்தாழி உடைந்தது. உள்ளிருந்து எலும்பும் கரிய மணிகளும் சிதறின. மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் கூடாரங்களுக்கு நடுவே தலைநீட்டி நின்றன. அந்தி சாய்ந்தபின் தண்ணீர் எடுக்கப் போன வீரர்கள், கண்ணுக்குத் தெரியாத குதிரையின் குளம்பொலியைக் கேட்டதாகத் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்கள். எரியங்கன் ஒருவன்தான் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் அச்சம் என்பதை அறியாதவன்.

கோட்டைக்குள்ளே சிரிப்பவர் யாரும் இல்லை. வேளரசர் ஆதனார் மதிற்போரில் மாண்டுவிட்டார். அவருடைய சிதை கோட்டை உச்சியில் எரிந்ததைப் பகைவர் அனைவரும் கண்டு ஆர்ப்பரித்திருந்தார்கள். களஞ்சியத்தில் நெல் இல்லை. பெண்களும் குழந்தைகளும் காயம்பட்ட வீரர்களும் மேற்கு வாயிலுக்குள்ளே மூச்சடக்கி நின்றார்கள். அவ்வாயிலைத் தாண்டினால் ஆற்றுத்துறை. துறையைத் தாண்டினால் மலைக்காடு. காட்டை அடைந்தால் உயிர். ஆனால் துறையில் எரியங்கனின் குதிரைப்படை காவல் இருந்தது.

கிழக்கு வாயிலருகே, ஆதனாரின் கருங்குதிரை பக்கத்தில் இருவர் நின்றார்கள். ஒருத்தி அரசரின் ஒரே மகள் வெண்கோதை. மற்றவன் விடங்கன், சென்ற கார்காலத்தில் வேலை தேடி வந்து மெய்க்காவல் படையில் சேர்ந்தவன், சேர்ந்த சில திங்களுக்குள் அரசரின் நம்பிக்கையையும் அரசர் மகளின் நெஞ்சையும் பெற்றவன்.

வெண்கோதையின் கையில், முகத்தை மறைக்கும் தந்தையின் கொம்புத் தலைக்கவசம் இருந்தது.

"இதை நான் அணிகிறேன்," என்றாள். "என் தந்தையின் உருவத்தில் பகைவர் முன் தோன்ற அவர் மகளைவிட உரிமை உள்ளவர் யார்?"

"உரிமை தங்களுடையதே, தேவி. ஆனால் மேற்கு வாயிலில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் தாங்கள் நடந்தால் அந்தக் குளிர்ந்த நீரில் அவர்கள் இறங்குவார்கள். நான் நடந்தால் யார் பின்னால் வருவார்?"

அவள் தலைக்கவசத்தை அவனிடம் நீட்டினாள். சாவதற்குத் துணிந்திருந்தவளுக்கு, உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டளை கொடிய தண்டனையாகத் தோன்றியது.

"பகைவர் பாசறையில் அபாய முரசு முழங்கினால், துறைக் காவலர்கள் அரசனைக் காக்க ஓடிவருவார்கள்," என்றான் விடங்கன். "அது அவர்கள் வழக்கம். அந்த வேளையில் தாங்கள் கடந்துவிட வேண்டும்."

"அவர்களுடைய வழக்கம் உமக்கு எப்படித் தெரியும்?"

விடங்கன் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு மெல்லிய குரலில், "திரும்பி வந்தால், அதைத்தான் முதலில் தங்களிடம் சொல்ல வேண்டும்," என்றான்.

"அப்படியானால் இப்போது சொல்லாதீர். அதைச் சொல்வதற்காகவாவது திரும்பி வாரும்."

அவள் தந்தையின் சிதைச் சாம்பலைக் கலத்திலிருந்து அள்ளி, அவனுடைய மார்புக்கவசத்திலும் கைகளிலும் பூசினாள். குதிரையின் நெற்றியிலும் கழுத்திலும் பூசினாள். நிலவொளி பட்டதும் மனிதனும் குதிரையும் வெளிறி, இவ்வுலகைச் சேராதவர்களாய்த் தோன்றினர். தான் பூசிய கோலத்தைக் கண்டு அவளே ஓரடி பின்வாங்கினாள்.

தலைக்கவசத்தை அணிந்து சேணத்தில் ஏறிய விடங்கன் ஒரு கயிற்றை அவளிடம் நீட்டினான். "என்னைச் சேணத்தோடு கட்டிவிடுங்கள். குதிரை மிரண்டால் விழுந்துவிடக் கூடாது."

குதிரை மிரளாது என்பது இருவருக்கும் தெரியும். எதற்காகக் கட்டச் சொல்கிறான் என்பதும் அவளுக்கு விளங்கியது. கயிறு உறுத்தாதபடி தன் மேலாடையை மடித்து அவன் இடையில் வைத்து, இறுக்கி முடிச்சிட்டாள். முகத்தை நிமிர்த்தாமலே மேற்கு வாயிலை நோக்கி விரைந்தாள்.

கிழக்கு வாயில் ஓசையின்றித் திறந்தது.

தாழிமேட்டின் ஓரத்தில் நின்ற காவலன்தான் முதலில் கண்டான். பனி இரண்டாகப் பிளந்தது. நடுகற்களின் இடையே, சாம்பல் நிறத்தில், ஆதனாரின் கொம்புத் தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம் குதிரைமீது மெல்ல வந்துகொண்டிருந்தது. அது வாளை உருவவில்லை; வாய் திறக்கவில்லை. குளம்பின் கீழே தாழிகள் உடைந்த சத்தம் மட்டும் பாசறை முழுவதும் கேட்டது.

"ஐயோ! எரிந்தவன் எழுந்து வருகிறான்!"

அந்த அலறல் கூடாரத்துக்குக் கூடாரம் தாவிற்று. வேல்கள் தரையில் விழுந்தன. கட்டியிருந்த யானைகள் சங்கிலியை இழுத்துப் பிளிறின. யாரோ ஒருவன் அபாய முரசை அறைந்தான். போர்க்களத்தில் புறமுதுகு காட்டாத மறவர்கள், வழியறியாமல் பனிக்குள் ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். துறைக் காவலர்கள் குதிரைகளைத் தட்டிவிட்டுப் பாசறையை நோக்கிப் பறந்தார்கள். அதே கணத்தில் மேற்கு வாயில் திறந்தது. வெண்கோதை ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு நீரில் முதலாவதாக இறங்கினாள்.

எரியங்கன் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். ஓடுகிறவர்களை அவன் தடுக்கவில்லை. வில்லை எடுத்து, நாணேற்றி, பாசறையின் நடுவே தனியனாய் நின்றான்.

"பேயானால் அம்பு ஊடுருவிப் போகும்; மனிதனானால் விழுவான். பார்த்துவிடுவோம்!"

அம்பு பாய்ந்தது. கவசத்தின் இடுக்கில், கழுத்தோரம் தைத்தது. உருவம் சற்றே அசைந்தது; விழவில்லை. இரண்டாவது அம்பு மார்பில் தைத்தது. அப்போதும் விழவில்லை. தலை மட்டும் மெல்லச் சாய்ந்தது. குதிரை நடையை மாற்றாமல் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது அம்பை எடுத்த எரியங்கனின் விரல்கள், வாழ்நாளில் முதன்முறையாக, நாணைப் பற்ற முடியாமல் நழுவின.

குதிரை அவன் எதிரில் வந்து நின்றது. சாம்பலின்மேல் கரிய இரத்தம் வழிவதை அவன் கண்டான்.

"மனிதன்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான் அவனுடைய சேனாபதி மாசாத்தன். எரியங்கன் எட்டித் தலைக்கவசத்தைக் கழற்றினான். நிலவு அந்த முகத்தில் விழுந்தது. மாசாத்தன் பின்னால் சாய்ந்து நடுகல்லைப் பிடித்துக்கொண்டான்.

"அரசே! கோட்டைக் கதவைத் திறக்க நாம் ஒற்றனாய் அனுப்பிய இளவரசர் அல்லவா இவர்!"

எரியங்கன், தாய் இறந்த நாளிலிருந்து தன் மடியில் வளர்ந்த ஒரே தம்பியின் கன்னத்திலிருந்த சாம்பலைத் தன் கையால் துடைத்தான். துடைத்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"தம்பி," என்றான். "நான்தானடா எய்தேன். அண்ணா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வில்லைப் போட்டிருப்பேனே!"

ஆனால் அந்தக் குரலைக் கொடுத்திருந்தால் முரசு ஓய்ந்திருக்கும். காவலர்கள் துறைக்குத் திரும்பியிருப்பார்கள். அதை அறிந்தே அவன் வாய் திறக்காமல் அம்பை ஏற்றான் என்பது எரியங்கனுக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது.

அப்போது பனி சற்று விலக, மேட்டின் உயரத்திலிருந்து மாசாத்தன் மேற்கே கை நீட்டினான். "அரசே, அதோ துறை! கோட்டையார் கடக்கிறார்கள். பாதிப் பேர் இன்னும் நீரில்தான் நிற்கிறார்கள். குதிரைகள் இங்கே இருக்கின்றன. ஒரு சொல் சொல்லுங்கள்; ஒருவரும் தப்ப மாட்டார்!"

எரியங்கன் வில்லை முழங்காலில் வைத்து முறித்தான். ஒடிந்த துண்டுகளைத் தம்பியின் காலடியில் போட்டான். நடுகல் ஒன்றின்மேல் கையை வைத்தான்.

"என் தம்பி உயிர் கொடுத்துக் காத்த துறை அது. இந்த மண்ணில் கிடக்கும் வீரர்கள் சாட்சியாகச் சொல்கிறேன்: என் உடலில் உயிர் உள்ளவரை, குவளைநாட்டுக் குதிரை ஒன்றின் குளம்பும் அந்த நீரில் நனையாது. மீறிப் போகிறவன் என்னைக் கொன்றுவிட்டுப் போகட்டும்!"

யாரும் அசையவில்லை.

அக்கரையில், கடைசிக் கிழவனும் கரையேறிய பின், வெண்கோதை ஈர ஆடையோடு நின்று துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முரசொலி நின்றுவிட்டது. பனி அடர்ந்து நீரை மூடிற்று. துரத்தி வருவோரின் ஓசைக்காக வாளைப் பிடித்தபடி அவள் நெடுநேரம் காத்திருந்தாள். அந்த நீரைக் கடந்து பகைவர் யாரும் வரவில்லை. அவனும் வரவில்லை.