மூணு ஸ்பூன் மூச்சு

"ஐயோ... எம் புருசன்!"

அம்சவல்லி அலறிய அலறலில் ஜவ்வாது மலையின் பாதிப் புளியம்பழம் உதிர்ந்தது!

1983. மார்கழிக் காலை.

சாமை கொட்டி வைக்கும் பத்தடிக் குழி. அடியில், அரையிருட்டில், குப்புறக் கிடந்த உருவத்தின் மேல் ஓட்டக்காரன் சின்னதம்பியின் சிவப்புப் பனியன்.

அசைவில்லை!

ஒடுகத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து குதித்தார் இன்ஸ்பெக்டர் தங்கவேல்.

"இவதான் சார்!" கத்தினார் ஓட்டப் பயிற்சியாளர் பாண்டுரங்கன். "கஞ்சியில இன்னாத்தையோ கலந்துட்டா!"

"நான் கஞ்சியே காய்ச்சல சார். அவரு குடிச்சது இந்த வாத்தியார் குடுத்த பவுடருதான்."

"அது பிராண சக்தி பவுடர் சார்! என் சொந்தத் தயாரிப்பு. காத்து கம்மியான எடத்துலகூட மூச்சு வாங்காம ஓடலாம். அதான் விடியக்காலம் குழியில எறங்கி, நின்ன எடத்துலயே ஒரு மணி நேரம் ஓடச் சொன்னேன்!"

தங்கவேல் விலங்கை எடுத்தார்.

அது அம்சவல்லியின் கையை நோக்கி நீண்டது!

"ஒரு நிமிசம் சார்... குழியைத் தொறந்தா நாங்க மொதல்ல வெளக்கைத்தான் எறக்குவோம்."

கயிற்றில் கட்டிய அரிக்கேன் இறங்கியது.

நாலடி... ஆறடி...

பொசுக்!

"ஈரத் தானியம் காத்தைக் குடிச்சிடும் சார். எறங்குனா ஆளும் இப்படித்தான்."

தங்கவேல் மெல்லத் திரும்பினார்.

"அதனால இன்னா வாத்தியாரே? பவுடர் இருக்குதே! கலக்கிக் குடிச்சிட்டு எறங்கி, அவனைத் தூக்கிட்டு வாங்க."

பாண்டுரங்கனுக்கு வேர்த்த வேர்வையில் ஒரு காணி நஞ்சை பாயும்!

"வே... வேணாம் சார்!"

"எறங்குய்யா!"

"செத்துடுவேன் சார்! வடிவேலுக்கு ஒரு ஸ்பூன் குடுத்து எறக்கினேன்... பத்தல! அதான் இவனுக்கு மூணு ஸ்பூன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வடிவேலா? போன மாசம் ரோட்டுல ஓடறப்ப மாரடைப்புன்னு நீ சொன்ன ஆளு?"

"அது என் அண்ணன் சார்!"

குரல் மேலேயிருந்து வந்தது. புளியமரத்திலிருந்து குதித்தான்...

சின்னதம்பி!

"அப்போ குழியில?"

"சோளக்கொல்லைப் பொம்மை சார். பனியன் மட்டும் என்னுது. அண்ணன் இந்த ஆளை நம்பி வெளக்கை எறக்காம எறங்குச்சு. நான் எறக்கிப் பார்த்தேன்."

தங்கவேல் அம்சவல்லியை முறைத்தார். "அந்த அலறல்?"

"ரெண்டு நாளா பழகினேன் சார்."

பாண்டுரங்கன் ஓட்டம் பிடித்தார்!

இருபதே அடி. நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

விலங்கு மாட்டிய தங்கவேல், பவுடர் டப்பாவை அவர் மடியில் வைத்தார்.

"எங்க லாக்கப்புல ஜன்னல் கெடையாது வாத்தியாரே... வேளைக்கு மூணு ஸ்பூன் சாப்பிடுங்க!"