கையை மீறிய காலடி

ஆர்வின் டெக்கரின் கை இறங்குவதற்கு ஒரு நொடி முன்பே நாலாவது படியில் சத்தம் கேட்டுவிட்டது.

காதுதான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டான். நியூயார்க்கின் அந்த ஸ்டுடியோவில், புதுப் பெயிண்டும் விளக்குச் சூட்டில் வெந்த தூசியும் சேர்ந்து நாறும் ஒரு மூலையில் மண்டியிட்டு, இரண்டு கைகளிலும் பழைய ஷூக்களை மாட்டிக்கொண்டு, பலகைமேல் தட்டித் தட்டி மாடியேறும் காலடிச் சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தான். கேமரா காட்டியதோ ஆளில்லாத படிக்கட்டை. பன்னிரண்டு வருடம் ரேடியோ நாடகங்களுக்குச் சத்தம் கொடுக்கும் இதே பிழைப்பு. இந்தப் பேய் நாடகம் ரேடியோவில் வந்தபோதும் பேய்க்கு இவன்தான் கால். யாரையாவது மனதில் நிறுத்தாமல் அவனுக்கு நடக்க வராது. இந்தப் பேய்க்குச் செத்துப்போன தன் அப்பாவைக் கொடுத்திருந்தான். குடித்துவிட்டு, இடது காலை இழுத்துக்கொண்டு, அம்மாவை அடிக்க வருகிற நடை.

"நெசமாவே உதறுது ஆர்வின். யாரு நடை அது?" என்று ஒத்திகையில் கேட்டாள் லொரெய்ன். மாடியறைக் கட்டிலில் படுத்திருக்கும் கதாநாயகி அவள். அவன் சிரித்து மழுப்பினான்.

இன்று தொலைக்காட்சியில் நேரலை. ரேடியோ நாடகப் பிரிவைப் போன மாதம்தான் இழுத்து மூடினார்கள். இங்கேயும் சொதப்பினால் நடுத்தெருதான். இயக்குநர் கார்மொடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "செட்டே இடிஞ்சு விழுந்தாலும் எவனும் வாயத் திறக்கக் கூடாது. நாடே கேக்கும். புரியுதா, ரேடியோக்காரரே?"

ஐந்தாவது படியும் முந்திக்கொண்டது. இழுபடும் காலின் உரசல் முதலில் வந்தது, அவன் கை அதன் பின்னால் ஓடியது. இப்போது அவன் நடக்கவில்லை, நடப்பவனுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அட்டகாசம்! விடாதீங்க!" காதுக்கருவியில் கார்மொடி.

ஆர்வின் கைகளை நிறுத்தினான்.

காலடி நிற்கவில்லை.

மலிவான விஸ்கி நெடி. நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை. படிக்கட்டில் யாருமில்லை. உச்சிப் படி. வராந்தா. கதவு தானாகத் திறந்தது.

லொரெய்ன் வாசலைப் பார்த்தாள். வசனம் சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

கத்தவேண்டும். 'ஓடு லொரெய்ன்' என்று ஒரு வார்த்தை. பத்தடி தூரம்தான். தலைக்கு மேலே மைக். கத்தினால் வேலை போச்சு. கத்தாவிட்டால்?

இது நடிப்புதான். நடிப்பாகத்தான் இருக்கும்.

கட்டிலின் ஓரம் அமுங்கியது. கனத்த ஆள் உட்கார்ந்த மாதிரி.

"எப்படிய்யா பண்ணீங்க அத?" கார்மொடி வியந்தான்.

லொரெய்னின் தொண்டையில் நாலு விரல் பள்ளம் விழுந்தது. மெல்ல ஆழமானது. அவள் வாய் அகலத் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் கண்கள் கேமராவைத் தாண்டி நேராக ஆர்வினைத் தேடிப் பிடித்தன.

அவன் ஷூ மாட்டிய கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டான்.