மணிக்காரருக்கு ஓர் இலை

“அந்தச் சட்டியத் தொடாதடி!”

பாவாயியின் கை பாதியில் நின்றது. மலைக்குக் கொண்டுபோகப் புளிச்சோறு கிளறி ஆற வைத்திருந்த சட்டி அது. அந்த வீட்டில் அவள் தொடக்கூடாத பொருட்களில் அதுவும் ஒன்று என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஈ மொய்க்கிறதே என்று கை தானாகப் போய்விட்டது.

“ஈ உக்காருதுங்க அத்தே... மூடலாம்னு...”

“ஈ உக்காந்தாக்கூட சாமி பொறுத்துக்கும். உன்ற கை பட்டா பொறுக்காது! ஒருக்காப் பட்டதுக்கே மூத்தவனைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறேன். சின்னவனையும் குடுக்கோணுமா?”

பெருமாயி இயல்பில் கொடுமைக்காரி அல்ல. மருமகள் வந்த புதிதில் அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட மாமியார்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் எங்காவது இறங்க வேண்டும் அல்லவா? அது பாவாயியின் தலையில் இறங்கியது. ஒரு வருஷமாகத் தனித் தட்டு, தனித் தண்ணீர், மாட்டுக் கொட்டகை ஓரம் படுக்கை. ஆறு வயது மகள் அம்சவேணி பாட்டி பெருமாயியின் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள்.

“நல்லாக் கேட்டுக்க,” என்றாள் பெருமாயி, சட்டியை மூடிக்கொண்டே. “இன்னைக்குப் போயி மணியக் கட்டிப்போட்டு வாரோம். வர்ற அமாவாசைக்கு அவனை முன்னோரோட சேத்து எல போட்டுருவேன். அதுக்கப்பறம் உனக்கு இந்த ஊட்டுல வேலையில்ல. சேந்தமங்கலத்துக்கு, உங்கப்பன் ஊட்டுக்குக் கெளம்பீரு. புள்ள இங்கதான் இருக்கும்.”

ஏதாவது சொல்வாள் என்று கொழுந்தன் ராசப்பன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மகள் கிடைப்பாள். ஆனால் புருஷனுக்கு இலை விழாது. ஒரு வருஷமாக அவள் விழுங்கி வைத்திருந்த முள் அதுதான்.

அந்த மணி வந்த கதை இது. பர்மாச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ராசப்பன் விஷக்காய்ச்சலில் விழுந்து நினைவு தப்பிக் கிடந்தான். “என்ற புள்ள எந்திரிச்சு உக்காந்தா கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்கு வெங்கல மணி கட்டறேன்!” என்று பெருமாயி மடியேந்தி வேண்டினாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். தம்பிக்காக விரதம் பிடித்து மணியைச் சுமந்தவன் மூத்தவன் அர்த்தனாரி.

அர்த்தனாரியைப் போல ஒரு குடும்பஸ்தனை முள்ளுக்குறிச்சியில் காட்டச் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். ஏர் ஓட்டிவிட்டு வந்து மகளுக்குப் பேன் பார்ப்பான். அம்மாவுக்குக் கால் பிடிப்பான். மனைவி குடத்தை எடுத்தால் “நாந் தூக்கறேன் புள்ள” என்று பிடுங்கிக்கொள்வான். ஊர்க்காரர்கள் கேலி செய்தால் சிரித்துவிட்டுப் போவான். விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுவான். மேகம் மூடியிருந்தால் அது விலகும்வரை நிற்பான். “சாமி தூங்குது, எழுப்பாத,” என்று மகளிடம் சொல்வான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மற்றவர்கள் திருவிழாவுக்கு மட்டும் ஏறும்போது, அவனுக்கு மாதம் ஒருமுறை ஏறாவிட்டால் சோறு இறங்காது. “மேல போனா மனசு லேசாயிருது புள்ள. இங்க நிலத்துச் சண்டை, வரப்புச் சண்டை எல்லாம் அங்கிருந்து பாத்தா எறும்பு சண்டை போடறாப்பல இருக்குது.” திரும்பும்போது மகளுக்கு மலைவாழைப்பழமும் மனைவிக்கு ஒரு மடி மிளகும் வரும். கூடவே வழிக்கதை வரும். எந்தப் பாறையில் உட்கார்ந்தான், எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தான் என்று ஒன்று விடாமல் சொல்வான்.

போன ஆடியில் அவன் மணியோடு ஏறினான். கோயில் போய்ச் சேரும்வரை மணி நாக்கு ஒலிக்கக் கூடாது என்று பாவாயி தன் பழைய பச்சைச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். மூன்றாம் நாள் அவன் நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்பினான். தோளில் அதே மணி. அதே பச்சைத் துணி.

அம்மா தோட்டத்தில் இருந்தாள். பாயில் சுருண்ட அர்த்தனாரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வழியில ஒரு பொணம் புள்ள... மலைக்காரன். பொண்டாட்டி ஒத்தையில உக்காந்து அழுதுட்டிருந்துச்சு. விரதக்காரனெல்லாம் தீட்டுன்னு சுத்திப் போறான். எனக்குக் கால் நகரல. தூக்கிக் கொண்டுபோயி, குழி வெட்டிப் பொதைச்சுட்டு வந்தேன். தீட்டோட கோயிலுக்குள்ள போகப்படாதுல்ல... ஆத்துக்கு இந்தக் கரையில நின்னு கும்பிட்டேன். சாமியப் பாக்கல. ஆனா மனசுல குறையில்ல புள்ள... அம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். காச்சல் விடட்டும்.”

காய்ச்சல் விடவில்லை. சேந்தமங்கலம் முழுக்கக் கொயினா மாத்திரை தேடினார்கள். எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது என்றார்கள். அன்று சாயங்காலம் பெருமாயி தோட்டத்திலிருந்து வந்தபோதே மகனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. மூலையில் மணி. அவள் மணியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கடைசியில் மருமகளைப் பார்த்தாள்.

“சாமி மணிய ஏத்துக்கலியே! விரதத்துல என்னமோ தப்பு நடந்திருக்குது... நீ ஊட்டுக்குத் தூரமாயிருந்து மறைச்சுட்டுக் கட்டுச்சோறு கட்டுனயாடி? சொல்லு!”

பாவாயி இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விரதம் முறித்துச் செத்தவனுக்கு முன்னோர் வரிசையில் இலை கிடையாது. விரதக்காரன் பிணத்தைத் தொட்டாலும் விரதம் முறிந்ததுதான். பாட்டன் ஒருவர் மலைக்குப் போகிற வழியில் கள் குடித்துவிட்டாராம். அதே வருஷம் பாம்பு கடித்துச் செத்தாராம். ஒவ்வோர் அமாவாசைக்கும் எல்லோருக்கும் இலை விழும், அவருக்கு விழாது. பசியோடு வாசலில் நிற்பார் என்று சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். ஒரு வாய் சோற்றை மகளுக்கு ஊட்டாமல் தான் உண்ணாத மனுஷன் பசியோடு வாசலில் நிற்பதா?

“ஆமாங்க அத்தே... நாந்தான் மறைச்சுட்டேன்,” என்றாள்.

அர்த்தனாரி அன்றைக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தான். அப்புறம் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷனைத் தின்றவள் என்று கிணற்றடியில் காதுபடவே பேசினார்கள். துக்கம் நடந்த வீடு ஒரு வருஷம் மலையேறக் கூடாது என்பதால் மணி மூலையிலேயே கிடந்தது. அவளும் அப்படியே கிடந்தாள்.

“என்னையும் மலைக்குக் கூட்டீட்டுப் போங்க அத்தே,” என்று இப்போது கெஞ்சினாள். “அவுங்க நடந்த வழிய ஒருக்காப் பாத்துக்கறேன். அப்பறம் நீங்க சொன்னாப்பல போயிர்றனுங்க...”

“நங்கையும் வரட்டும்மா,” என்றான் ராசப்பன். அண்ணன் மனைவியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான். “அரிசி மூட்டைய யாரு தூக்கறது?”

பெருமாயி சட்டியின் வாயைத் துணியால் கட்டினாள். “வரட்டும். கோயில் வாசல மட்டும் மிதிக்கப்படாது.”

ஏறினார்கள். ராசப்பன் ஒரு தோளில் மணியையும் மறு தோளில் அம்சவேணியையும் சுமந்தான். பெருமாயி தடி ஊன்றி நடந்தாள். கடைசியில் மூட்டையோடு பாவாயி. அவள் அதுவரை மலை ஏறியதே இல்லை. ஆனால் வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. இதோ ஆனை படுத்தாற்போல ஒரு பாறை. இங்கேதான் வெற்றிலை போடுவான். இதோ சுனை, இதில் முகம் கழுவுவான். ஒவ்வோர் இடமும் அவன் சொன்னபடியே இருந்தது. சொன்னவன்தான் இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

உச்சிப்பொழுதுக்கு மேட்டை எட்டினார்கள். மேகம் காலடியில் திரிந்தது. சாமைக் காட்டோரம் ஒரு குடிசை, அதன் பக்கத்தில் பெரிய பலாமரம். களை பறித்துக்கொண்டிருந்த மலைக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“இந்த மணி... பச்சைத் துணி... இது அவரு மணியாச்சே!”

பாவாயிக்குச் சுரீரென்றது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் பாய்ந்தாள்.

“அக்கா... வேண்டாமுங்க... ஒண்ணும் சொல்லாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்...”

“எதுக்குச் சொல்லக்கூடாது?” மலைக்காரி சடைச்சி பெருமாயியின் காலில் விழுந்துவிட்டாள். “நீ அவரு ஆத்தாளா? நீ நல்லா இருக்கோணும் ஆயா! எம் புருசன் வழியில செத்துக் கெடந்தான். எங்க ஊரு சனமெல்லாம் திருவிழாவுக்குப் போயிருச்சு. மழை கொட்டுது. மடியில ரெண்டு புள்ள. வர்றவன் போறவன் எல்லாம் ஒதுங்கிப் போனான். உம்மகன் ஒருத்தருதான் நின்னாரு. இந்தப் பலாவுல மணிய மாட்டிப்போட்டு, பொணத்தத் தோள்ல தூக்கியாந்து, தானே குழி வெட்டினாரு!”

பெருமாயி ராசப்பன் தோளில் இருந்த மணியையும் பலாமரத்தையும் பார்த்தாள்.

“பசியில புள்ளைங்க அழுவுச்சு. அவரு கொண்டாந்த புளிச்சோத்த அப்படியே அவிழ்த்து ஊட்டினாரு. ஒரு வாய்கூட அவரு திங்கல. பாரு ஆயா, அந்தச் சோத்தத் தின்ன புள்ளைங்கதான்!” குடிசை வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்றன. “அழுதுட்டே இருந்தேன். பேருகூடக் கேக்கல. தலை நிமுந்தா ஆளைக் காணோம். புதுச் சாமை பொங்குனா மொத எல அவருக்குத்தான் போடுவம். மணிக்காரரு வந்தாலும் வருவாருன்னு பாத்துட்டு, அப்பறந்தான் புள்ளைங்க திங்கும்... எங்க ஆயா அவரு? வரலியா?”

சடைச்சியின் கண்கள் அப்போதுதான் பாவாயியின் வெள்ளைச் சேலையில் போய் நின்றன. “ஐயோ!” என்று மார்பில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பெருமாயி மெல்லத் திரும்பினாள்.

“ஒரு வாய்கூடத் திங்கலியாமே... உன்ற சோத்த அவந் திங்கவேயில்லியாமே! இது உனக்கு முன்னாலயே தெரியுமாடி?”

“பொணத்தத் தொட்டது தெரியுமுங்க... சோத்தக் குடுத்தது தெரியாதுங்க.”

“தூரமாயிருந்தேன்னு சொன்னது?”

“பொய்யுங்க அத்தே...”

“எதுக்குடி? எதுக்கு எங்கிட்ட அத்தன பேச்சுக் கேட்ட? நாய்க்கு வெக்கறாப்பல சோறு வெச்சேனே... வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“சொன்னா அவுங்களுக்கு எல போடமாட்டீங்களே அத்தே...” பாவாயி உடைந்தாள். “பொய் சொன்னா நீங்க என்னைத்தான் தொரத்துவீங்க. நாந் தாங்கிக்குவேன். அவுங்க பசியோட வாசல்ல நின்னா எனக்குத் தாங்காதுங்க...”

பெருமாயி தடியை எறிந்துவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கதறிய கதறலில் அம்சவேணியும் பயந்து அழுதாள். அழுகை அடங்க நெடுநேரம் ஆயிற்று. பாட்டனுக்கு இல்லாத இலையை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பெருமாயி கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

“தீட்டாம், விரதமாம்! ஒரு தாய் மடியில புள்ளையோட கெடந்து அழுவறப்பத் தாண்டிப் போனவனுக்குத்தான் எல கெடையாது. என்ற மகனுக்கு உண்டு. பாட்டனுக்கும் வர்ற அமாவாசைக்குப் போடறேன்... அவரும் பசியில எத்தன நாளைக்கு நிப்பாரு.” பிறகு மருமகளின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினாள். “நாம் பேசுன பேச்சத் திருப்பி அள்ளிக்க முடியாது கண்ணு. போன வருசமும் திரும்பி வராது. அவனும் வரமாட்டான். நீ எங்கயும் போக வேண்டாம், மணிய நீதான் கட்டோணும்.”

“நானுங்களா? இந்த வெள்ளைச் சேலையோடயா?”

“சாமி சேலையப் பாக்கறதா இருந்தா நான் பேசிக்கறேன்.”

சடைச்சி ஒரு வாழையிலை அறுத்துவந்து பலாமரத்தடியில் விரித்தாள். பெருமாயி சட்டியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். பாவாயி சோற்றை அள்ளி இலையில் வைத்தாள்.

“பேரு சொல்லித்தான் படைக்கோணும்,” என்றாள் சடைச்சி தயங்கியபடி. “அவரு பேரு என்ன ஆயா?”

பெருமாயி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ராசப்பனும் தலையைத் திருப்பிக்கொண்டான். பெருமாயி மருமகளின் தோளைத் தொட்டு, “நீயே சொல்லு கண்ணு,” என்றாள்.

தாலி ஏறிய நாளிலிருந்து பாவாயி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. மேகம் வந்து மரத்தை மூடிக்கொண்டிருந்தது. உதட்டை இரண்டு முறை ஈரப்படுத்திக்கொண்டாள்.

“அர்த்தனாரி,” என்றாள்.

சடைச்சி அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டாள். எங்கிருந்தோ ஓர் ஈ வந்து சோற்றில் உட்கார்ந்தது. பாவாயி கையை நீட்டி அதை ஓட்டினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.