முகம் பதிவில் இல்லை

போன் அடித்தது.

குற்றாலம் சாரல் விழா மேடையருகே பாதுகாப்புப் பணியில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி எடுத்தாள். தென்காசியிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் வேல்ராஜ்.

"மேடம்... நில ஆவண ஆபீஸ்ல ஒரு பாடி கிடக்கு. லேடி ஆபீசர்."

ஜீப் பறந்தது.

அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஊழியர்களை விழாப் பணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சர்வர் அறை. உடைந்த கண்ணாடிக் கதவு. அதன் அடியில் ஸ்ரீவித்யா.

மாவட்டத்தின் நிலப் பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற வந்த திட்ட அதிகாரி. வயது முப்பத்து நான்கு. விரல் நுனிகளில் ரத்தம்... கதவைப் பிறாண்டியிருக்கிறாள்.

தீப்பிடித்தால் அணைப்பதற்காக அறையில் வாயு வைத்திருந்தார்கள். தீயே இல்லாமல் யாரோ அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூச்சு முட்டி ஓடி வந்தவளுக்குக் கதவு திறக்கவில்லை.

உள்ளே போகவும் வெளியே வரவும் முகத்தைக் காட்ட வேண்டிய கதவு அது. அதைப் பொருத்த வைத்ததே ஸ்ரீவித்யாதான். கதவோரத் திரையில் சிவப்பு எழுத்துகள் இன்னும் எரிந்தன.

முகம் பதிவில் இல்லை.

அவள் உள்ளே போன பிறகு அவள் முகப் பதிவை யாரோ அழித்திருக்கிறார்கள்.

கட்டடத்தில் இருந்தது ஒரே ஒருவன். சந்தோஷ்குமார், அலுவலக சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தனியார் கம்பெனி இன்ஜினீயர். சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்து, இரும்புக் கம்பியால் கதவை உடைத்தது தான்தான் என்றான். முகத்தை அழித்த உத்தரவும், வாயுவைத் திறந்த உத்தரவும் அவன் பாஸ்வேர்டில் போயிருந்தன.

"நான் பண்ணல மேடம்..." என்று அழுதான். அழைத்துப் போனார்கள்.

ஸ்ரீவித்யாவின் கணவர் ஒரு தகவல் சொன்னார். இலஞ்சியில் அகிலாண்டேஸ்வரி என்ற விதவையின் தென்னந்தோப்பு, கம்ப்யூட்டரில் வேறு பெயருக்கு மாறியிருந்ததாம். மாற்றியது ஆபீசுக்குள் இருக்கும் ஆள்தான், நாளை கலெக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றாளாம். யார் என்று மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தார் தில்லைநாயகம். அலுவலகக் கண்காணிப்பாளர். அடுத்த வருடம் ஓய்வு. கம்ப்யூட்டர் திட்டம் வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சண்டை போட்டவர். பயிற்சி வகுப்பு எதிலும் உட்காராதவர். சட்டைப்பையில் பட்டன் போன், கையில் ஒரு துணிப்பை.

அவரைச் சந்தேகப்பட வழியே இல்லை. சம்பவ நேரத்தில் விழா முன்வரிசையில் அவர் இருந்ததை நிர்மலாதேவியே பார்த்திருந்தாள்.

"தங்கமான புள்ள மேடம். எனக்கும் அவளுக்கும் ஆயிரம் தகராறு, அதுக்காக இப்படியா சாவணும்? அந்தக் கதவே வேண்டாம்னுதான் சொன்னேன். மவுஸப் பிடிக்கவே தெரியாதவன் சொன்னா யாரு கேக்கா..."

கான்ஸ்டபிள் பேராச்சி அவர் சொன்னதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். திரையில் தமிழ் வரவில்லை. ஏபிசிடியாகக் கொட்டியது. அழித்தாள், மறுபடி தட்டினாள். மறுபடியும் ஏபிசிடி.

தில்லைநாயகம் பொறுமை இழந்தார். இலஞ்சிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"தள்ளு தாயி."

எட்டிக் கை நீட்டி, பார்க்காமலே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார்.

திரையில் தமிழ் வந்தது.

நிர்மலாதேவி அவர் விரல்களைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி... மவுஸே பிடிக்கத் தெரியாதுன்னு சொன்னிய."

"அது... பேரன் சொல்லிக் குடுத்தான்."

"வேல்ராஜ், அண்ணாச்சி பையப் பாரும்."

துண்டுக்குள் சுற்றியிருந்தது இன்னொரு போன். விலை உயர்ந்தது. சந்தோஷ்குமாரைக் கூட்டி வந்து காட்டினாள். அலுவலக சர்வரைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதி அதில் இருந்தது. அந்த அறையின் கேமராவும் தெரிந்தது.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் தெரியாதவர்தானே என்று, அவர் பக்கத்தில் நிற்கும்போதே தினமும் பாஸ்வேர்ட் அடித்திருக்கிறான்.

"அகிலாண்டேஸ்வரி உங்களுக்கு யாரு?"

தில்லைநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செத்துப்போன தம்பி பொண்டாட்டி." தில்லைநாயகத்தின் குரல் உடைந்தது. "காகிதத்துல திருத்துனா மை காட்டிக் குடுத்துரும். இதுல தடம் இருக்காதுன்னு நெனச்சு ஒரு பினாமி பேருக்கு மாத்துனேன். அந்தப் புள்ள தடத்தக் கண்டுபிடிச்சுட்டா. கையில கால்ல விழுந்து பாத்தேன், கேக்கல."

"அதனால விழாவுல உக்காந்துகிட்டே போன்ல கொன்னுட்டிய."

நிர்மலாதேவி அந்தப் போனை அவர் முன்னால் வைத்தாள்.

"கேமராவுல பாத்தியளா?"

தலை குனிந்தது. மேடையில் கரகாட்டம் நடந்துகொண்டிருக்க, மடியில் இருந்த போனில் ஒரு பெண் கதவைப் பிறாண்டிப் பிறாண்டிச் சாவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேல்ராஜ் அவரை லாக்கப் பக்கம் நடத்திப் போனார். நிர்மலாதேவி சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

"சந்தோஷமா உள்ள போங்க அண்ணாச்சி. எங்க ஸ்டேஷன்ல இந்தக் கதவு மட்டும் இன்னும் டிஜிட்டல் ஆகல."