இருபத்து மூன்றாவது மட்டை

எங்கள் ஊர்க் கல்லூரியில், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து வீசி ஆடும் லக்ராஸ் ஆட்டத்தின் பெண்கள் அணிக்கு அம்மா தலைமைப் பயிற்சியாளர் ஆனாள். அதில் சந்தோஷப்பட யாருக்கும் மனம் வரவில்லை. பழைய பயிற்சியாளர் மேரியன் ஹாலோரன் நவம்பரில் இறந்துபோனார். அந்த இடத்துக்குத்தான் அம்மா வந்தாள். அம்மாவும் ஒரு காலத்தில் அவரிடம் விளையாடியவள்தான்.

இரண்டு ஆட்டம் முடிந்தது, இரண்டும் தோல்வி. அதுகூடப் பரவாயில்லை. அணியில் ஒருத்தியும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஓடு என்றால் ஓடுவார்கள், நில் என்றால் நிற்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் அம்மா மக்ரோனியைக் கிளறிக்கொண்டே இருப்பாள், ஒரு வாய் உள்ளே போகாது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் அணித்தலைவி ஷெல்பியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். எனக்குப் பத்து வயது, சுற்றி வளைக்கத் தெரியாது.

"எங்கம்மாவ ஏன் உங்களுக்குப் பிடிக்கல?"

ஷெல்பி சொன்னாள். ஆட்டத்துக்கு முன் எல்லா மட்டைகளையும் மைதானக் கோட்டின் ஓரம் வரிசையாக வைப்பார்களாம். ஹாலோரன் குனிந்து, ஒவ்வொரு மட்டையின் நுனியில் இருக்கும் வலையையும் தொட்டுக்கொண்டே போவாராம். அதன் பிறகுதான் யாரும் மட்டையை எடுப்பார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

"உங்கம்மா ரெண்டு தடவையும் வரிசையத் தாண்டிப் போயிட்டாங்க. எங்கள அவங்க பொண்ணுங்களா நினைக்கல, டீலியா."

காரில் இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா வண்டியை ஓரங்கட்டினாள்.

"அது ஹாலோரன் கை பட்ட இடம்டி. அந்த இடத்துல என் கைய வெச்சா அந்தப் பொண்ணுங்க தாங்குவாங்களா? நான் ஆடின கடைசி ஆட்டத்துல அவங்க தொட்ட என் மட்டைய நானே இன்னும் யாரையும் தொட விட்டதில்ல."

இனி இந்தப் பேச்சை எடுக்காதே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன கூத்து இது! தொடவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம். தொட்டால் வருத்தப்படுவார்களே என்று இவளுக்குப் பயம். பெரியவர்கள் இவ்வளவு படிக்கிறார்கள், வாயைத் திறந்து பேச மட்டும் வராது.

சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். காலையிலேயே நான் கார் ஷெட்டில், பனி அள்ளும் மண்வாரிக்குப் பின்னால் இருந்த அம்மாவின் மட்டையை, வலையில் கை படாமல் எடுத்துப் போர்வையில் சுற்றிக்கொண்டேன். இருபத்திரண்டு மட்டைகள் இருந்த வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.

"இது எந்த மியூசியத்துல இருந்து வந்துச்சு?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"எங்கம்மாவோடது. அம்மா ஆடின கடைசி ஆட்டத்துல ஹாலோரன் தொட்ட மட்டை. அதுக்கப்புறம் யாரையும் தொட விட்டதில்ல. உங்க மட்டைய அம்மா தொட்டா உங்களுக்கு வலிக்கும்னு பயப்படறாங்க. அவ்வளவுதான்."

சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா வந்தாள். கடைசி மட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். என்னைத் தேடினாள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோச், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் ஷெல்பி.

அம்மா கையுறையைக் கழற்றினாள். குனிந்து முதல் வலையைத் தொட்டாள். அடுத்தது, அதற்கடுத்தது. அழுதுகொண்டேதான் தொட்டாள். தன் மட்டை வந்ததும் கை நின்றுவிட்டது. அதைத் தொட வேண்டியவர்தான் இல்லையே.

ஷெல்பி சேற்றுப்பனியில் மண்டியிட்டு அதன் வலைமேல் கையை வைத்தாள். பிறகு மற்ற இருபத்தோரு பேரும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். நடுவர் இரண்டு தடவை விசில் ஊதியும் யாரும் அவசரப்படவில்லை.

அன்றும் தோற்றோம், ஒரே ஒரு கோலில். திரும்பும் வழியில் அம்மா இரண்டு பர்கர் சாப்பிட்டாள். போதாதென்று என் உருளைக்கிழங்கு வறுவலையும் எடுத்துத் தின்றுவிட்டாள்.